வீட்டிலேயே மீன்பிடி லூர் செய்து வண்ணம் பூச: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கடையில் லூர் (மீனை ஏமாற்றும் செயற்கை இரை) வாங்கிப் பழகியவர்கள் தாங்களே செய்ய உட்காரும்போது வரும் சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கின்றன. திரும்பத் திரும்ப வந்தவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறோம். அளவுகள் எல்லாம் கழிமுகத்துக் கொடுவாவுக்கு ஏற்ற, 9 செ.மீ. நீள, லிப் (மூக்கருகே முன்னால் நீட்டிய சிறு தகடு) வைத்த மர மீனுக்கு. வேறு அளவில் செய்பவர்கள் அதே விகிதத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம்.

இரையே மாட்டாம வெறும் மரத்துண்டை எப்படி மீன் கடிக்கும்?

ஓடுகிற சிறு மீனைத் துரத்திப் பிடிக்கும் ஜாதி மீன்கள் அசைவைப் பார்த்தே பாய்கின்றன. கொடுவா, பாறை, சீலா, விரால் எல்லாம் அந்த ரகம். லூரை இழுக்கும்போது முன்னால் இருக்கும் லிப் தண்ணீரை வெட்டி, உடலை இடமும் வலமும் ஆட்டுகிறது. அந்த ஆட்டம்தான் இரை. ரோகு, கட்லா போன்றவற்றுக்கு இதைச் செய்து பயனில்லை.

200 ரூபாய்க்கே லூர் கிடைக்குது. எதுக்கு இந்தப் பாடு?

பணம் மிச்சமாகும் என்று தொடங்கினால் ஏமாற்றம்தான். உப்புத்தாள், எபாக்சிப் பிசின், பெயின்ட், நல்ல முள் என்று முதல் ஐந்து லூருக்கு ஆகும் செலவில் பத்து லூர் வாங்கிவிடலாம். ஆனால் மலிவு லூர்களின் முள்ளும் வளையமும் பெரிய கொடுவாவுக்கு நிற்பதில்லை, முள் நிமிர்ந்துபோகும். நாமே செய்தால் கம்பியின் தடிமன், முள்ளின் பலம், எவ்வளவு ஆழம் இறங்க வேண்டும் என்பதெல்லாம் நம் கையில்.

முதல் தடவைக்கு என்னென்ன வேணும்?

இலகுவான மரம், 20 கேஜ் (0.9 மி.மீ.) எஸ்எஸ் (துருப்பிடிக்காத எஃகு) கம்பி, லிப்புக்கு 1.5 அல்லது 2 மி.மீ. பாலிகார்பனேட் தகடு, வலைக்கடையில் கிடைக்கும் ஈயக்குண்டு, நான்காம் எண் ட்ரெபிள் முள் (மூன்று முனை முள்) இரண்டு, அவற்றை மாட்ட ஸ்பிளிட் ரிங் (சாவி வளையம் போன்ற சின்ன வளையம்). கருவி என்று பார்த்தால் கூரான கத்தி, ஆக்ஸா பிளேடு, மூக்குக் குறடு, துளைக்கும் கருவி, 120, 240, 400 எண் உப்புத்தாள். பூச்சுக்கு சாண்டிங் சீலர், தினர், வெள்ளை பிரைமர், அக்ரிலிக் பெயின்ட், இரண்டு பாகம் கலக்கும் தெளிந்த எபாக்சி.

பலர் வாங்காமல் விடுவது 0.1 கிராம் வரை காட்டும் சின்ன எடைக் கருவி. ஏர்பிரஷ் (காற்றால் பெயின்ட் தூவும் கருவி) கூட அப்புறம் வாங்கலாம். எடைக் கருவி இல்லாமல் தொடங்க வேண்டாம். காரணம் அடுத்த இரண்டு பதில்களில்.

எந்த மரம் நல்லது? தேக்குத் துண்டு வீட்டுல நிறைய கிடக்கு.

தேக்கு வேண்டாம். லிப் வைத்த சின்ன லூருக்கு அது கனம். பால்சாவின் அடர்த்தி பொதுவாக 0.1 முதல் 0.2; அதாவது ஒரு கன சென்டிமீட்டர் 0.2 கிராமுக்கும் கீழே. கைவினைப் பொருள் கடைகளிலும் விமான மாடல் பொருள் விற்கும் இடங்களிலும் கிடைக்கும். ஊரில் கிடைப்பதில் நன்றாகக் காய்ந்த கல்யாண முருங்கை 0.3 அளவில் இருக்கும், செதுக்கவும் சுகம். குமிழ் 0.45 பக்கம் வரும். அழகாகச் சீவ வரும், வளையாது, வெடிக்காது, ஆனால் கனம் கூடுதல்; லிப் இல்லாத, மூழ்கி ஓடும் லூருக்குக் குமிழ் பொருத்தம்.

நெட்டி எல்லாவற்றையும்விட இலேசு. மிதவைக்கு அதுபோல் ஒன்று இல்லை. முள் தாங்குகிற லூருக்கு மட்டும் ஆகாது. நகம் பட்டாலே பள்ளமாகிவிடும்.

ஈயம் எவ்வளவு வைக்கணும்? ஒருத்தர் ஒரு கிராம்ங்கறார், இன்னொருத்தர் மூணுங்கறார்.

இரண்டு பேரும் அவரவர் மரத்துக்குச் சொல்கிறார்கள். கணக்காகப் போட்டுப் பார்த்தால் குழப்பம் தீரும். 9 செ.மீ. நீளம், 19 மி.மீ. உயரம், 14 மி.மீ. தடிமனில் சீவிய மீன் வடிவத்தின் கன அளவு ஏறத்தாழ 11 கன சென்டிமீட்டர். அதாவது முழுக்க மூழ்கினால் 11 கிராம் தண்ணீரை விலக்கும். முள்ளும் ஸ்பிளிட் ரிங்கும் 3.5 கிராம், கம்பி 1.2, லிப் 1, பெயின்டும் எபாக்சியும் 1.5; மொத்தம் 7.2 கிராம். பால்சா உடல் 1.8 கிராம் என்றால் கூட்டி 9. மிச்சம் இருக்கும் 2 கிராம்தான் ஈயத்துக்கான இடம். கல்யாண முருங்கையில் உடலே 3.3 கிராம், ஈயத்துக்கு அரை கிராம்தான் மிஞ்சும். குமிழில் உடல் 5 கிராம். ஈயமே வைக்காமல் கணக்கு 12.2-க்குப் போய்விட்டது. முள், லிப், பூச்சு ஆகியவையும் கொஞ்சம் தண்ணீரை விலக்குவதால் நிஜத்தில் இன்னும் கொஞ்சம் தாராளம் இருக்கும். அந்தத் தாராளம்தான் லூரை மிதக்க வைக்கிறது. அதையும் ஈயத்துக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

மரம் எதுவானாலும் தூக்கிப்பிடிக்கும் சக்தி மேலேயும் எடை அடிவயிற்றிலும் இருந்தால்தான் லூர் நிமிர்ந்து ஓடும். கனமான மரத்தில் எடை உடல் முழுக்கப் பரவிக் கிடக்கிறது. வயிற்றில் ஈயம் வைக்க இடமில்லை. அதனால் லூர் உருளுகிறது. கல்யாண முருங்கையில் செய்பவர்கள் தடிமனை 16 மி.மீ. ஆக்கிக்கொள்ளுங்கள்.

உங்கள் உடலின் கன அளவை அறிய ஒரு வழி: எடைக் கருவியில் தண்ணீர்க் கிண்ணத்தை வைத்துப் பூஜ்ஜியமாக்குங்கள். சீவிய மரத்தை ஊசியால் குத்தி, கிண்ணத்தின் பக்கமோ அடியோ தொடாமல், முழுதும் மூழ்கும் வரை அமுக்குங்கள். கருவி காட்டும் கிராம்தான் கன சென்டிமீட்டர். ஈயத்துக்குத் துளை போடும்போது நினைவில் வைக்க: 6 மி.மீ. அகலம், 6 மி.மீ. ஆழத் துளை முழுக்க ஈயம் நிரம்பினால் 1.9 கிராம். வீட்டில் ஈயத்தை உருக்க வேண்டியதில்லை. குண்டைச் சுத்தியால் தட்டிச் சுருட்டி அடைத்தால் போதும். வேலை முடிந்ததும் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். ஈயத்தூள் குழந்தைகள் இருக்கும் இடத்தில் வேண்டாம்.

எதை முதல்ல செய்யணும், எதை அப்புறம்? வரிசை குழப்புது.

மரம் சதுரக் கட்டையாக இருக்கும்போதே லிப்புக்கான வெட்டு, கம்பி வைக்க வயிற்றின் நடுக்கோட்டு வெட்டு, ஈயத்துளை மூன்றையும் முடித்துவிடுங்கள். மீன் வடிவம் சீவிய பிறகு போட்டால் நேர்க்கோடு கிடைக்காது; லிப் அரை மி.மீ. கோணினாலும் லூர் ஒரு பக்கமாகவே ஓடும். பிறகு பக்கவாட்டு வடிவத்தை அறுத்து, மேலிருந்து பார்க்கும் வடிவத்தைச் சீவி, கடைசியில் மூலைகளை உருட்டுங்கள். நடுக்கோட்டைப் பென்சிலால் வரைந்து அது கடைசி வரை அழியாமல் பார்த்துக்கொண்டால் இரு பக்கமும் சமமாக வரும்.

அடுத்து சீலரில் முக்கிக் காயவைத்து, கம்பியையும் ஈயத்தையும் வைத்து, எபாக்சியில் மரத்தூள் பிசைந்து வெட்டை அடைத்துத் தேய்க்க வேண்டும். லிப்பை ஒட்டாமல் செருகி மட்டும் வைத்து ஓட்டிப் பாருங்கள். சரியாக ஓடினால் கழற்றிவிட்டு பிரைமர், பெயின்ட். பிறகு லிப்பை எபாக்சியில் ஒட்டி, மேல்பூச்சு.

கம்பியை உடம்பு முழுக்க ஓட்டணுமா? திருகு வளையம் போதாதா?

கெண்டைக்குஞ்சு அளவில் செய்யும் சின்ன லூருக்குத் திருகு வளையம் போதும். குமிழ் மாதிரி கெட்டி மரத்திலும் 15 மி.மீ.க்கு மேல் நீளமுள்ள திருகு எபாக்சியோடு நன்றாகப் பிடிக்கும். பால்சாவில் கூடாது. கொடுவா தலையை உதறும்போது திருகு மரத்தோடு பிய்ந்து வந்துவிடும்.

ஒரே கம்பியில் மூக்கு வளையம், வயிற்று வளையம், வால் வளையம் மூன்றும் இருந்தால் மரமே உடைந்தாலும் மீன் தூண்டில் நரம்பில் நிற்கும். 25 செ.மீ. கம்பி வெட்டிக்கொள்ளுங்கள். வயிற்று வளையம் மூக்கிலிருந்து 30 மி.மீ.யில் வரட்டும். இரண்டு முள்ளையும் தொங்கவிட்டு ஒன்றோடொன்று சிக்குகிறதா என்று கம்பியை வெளியே வைத்தே பாருங்கள்.

பழைய சிடியை வெட்டி லிப் வைக்கலாமா?

வைக்கலாம். சிடி பாலிகார்பனேட்தான், தடிமன் 1.2 மி.மீ. மேலே உள்ள வெள்ளிப் படலத்தை ஒட்டுநாடா ஒட்டிப் பிய்த்துவிட்டால் தெளிந்த தகடு. 7 செ.மீ. வரையிலான லூருக்கு அது தாங்கும். 9 செ.மீ.க்கு 1.5 அல்லது 2 மி.மீ. தகடே நல்லது. அக்ரிலிக் தகடு பார்க்க ஒன்றுபோல இருக்கும். பாறையில் ஒரு மோதலில் விரிசல் விட்டுவிடும்.

லிப்பின் அகலம் உடலின் தடிமனைவிட ஒரு 2 மி.மீ. கூடுதல், வெளியே தெரியும் நீளம் 15 மி.மீ. என்று தொடங்குங்கள். செங்குத்தாக நின்றால் லூர் மேலாக, அதிக ஆட்டத்தோடு ஓடும். உடலின் போக்கிலேயே முன்னால் நீட்டிக்கொண்டிருந்தால் ஆழம் இறங்கும்.

பெயின்ட் அடிக்கறதுக்கு முன்னாடியே தண்ணியில போட்டுப் பார்க்கணுமா?

கட்டாயம். சொதப்பிய லூர்களில் பெரும்பாலானவை இந்தக் கட்டத்தைத் தாண்டிக் குதித்தவை. பெயின்ட் அடித்த பிறகு ஈயத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது.

முள், ரிங், லிப் எல்லாம் மாட்டி முதலில் வாளியில் விடுங்கள். முதுகு மேலே, மூக்கு சற்றே தாழ்ந்து மிதக்க வேண்டும். விரலால் பக்கவாட்டில் சாய்த்துவிட்டால் உடனே நிமிர வேண்டும்; சோம்பலாக நிமிர்ந்தால் வயிற்று எடை போதவில்லை. பெயின்டும் எபாக்சியும் 1.5 கிராம் சேரும் என்பதை மறக்காமல் இப்போது கொஞ்சம் தூக்கலாகவே மிதக்க விடுங்கள். அடுத்து குளத்திலோ தொட்டியிலோ 5 மீட்டராவது இழுத்துப் பாருங்கள். ஒரு பக்கமாக ஓடினால் மூக்கு வளையத்தைத் திருத்தலாம்: லூரின் மூக்கு உங்களைப் பார்க்கும்படி பிடித்து, அது இடப்பக்கம் ஓடினால் வளையத்தை வலப்பக்கம், வலப்பக்கம் ஓடினால் இடப்பக்கம், குறடால் இம்மியளவு வளையுங்கள். அரை மி.மீ.க்கே மாறும்.

வளையத்தைத் திருப்பியும் சரியாகல. சில நேரம் குப்புறப் புரளுது, இன்னொண்ணு கட்டை மாதிரி ஆடாமலே வருது.

மெதுவாக இழுத்தால் சரியாக ஓடி, வேகம் கூட்டினால் புரள்கிறது என்றால் லிப் பெரிது. இரு பக்கமும் சமமாக அரை மி.மீ. அரத்தால் குறையுங்கள். மெதுவாக இழுத்தாலும் புரண்டால் ஈயம் போதவில்லை, அல்லது மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது.

ஆடாமல் வருவதற்குக் காரணம் பெரும்பாலும் ஈயம் அதிகம், அல்லது வால் பக்கம் தள்ளி வைத்தது. தூரமாக வீச வேண்டும் என்று வாலில் ஈயம் வைப்பவர்கள் ஆட்டத்தை விலையாகக் கொடுக்கிறார்கள். ஈயம் நடுவுக்குச் சற்று முன்னால், வயிற்று முள்ளை ஒட்டி இருக்கட்டும். லிப்பே கோணலாக ஒட்டிவிட்டது என்றால் வளையத்தோடு மல்லுக்கட்ட வேண்டாம். வெட்டி எடுத்துப் புதிதாக வையுங்கள்.

சீலர் எதுக்கு? மேலேதான் எபாக்சி வருதே?

முள் உரசியோ மீனின் பல் பட்டோ எபாக்சியில் மயிரிழை விரிசல் வரத்தான் செய்யும். தண்ணீர் உள்ளே போனால் மரம் ஊதி, பெயின்ட் பாளமாகப் பெயரும். சாண்டிங் சீலரை அதே அளவு தினரில் கரைத்து, மரத்தைக் குமிழி நிற்கும் வரை முக்கி எடுங்கள். காய்ந்ததும் மயிர்போல் எழும் நார்களை 240 உப்புத்தாளால் தேய்த்து மறுபடி முக்குங்கள். மூன்று தடவை போதும். கடைசி முக்கலுக்குப் பிறகு ஒரு நாள் முழுக்கக் காயட்டும். தினர் வாசனை வந்துகொண்டிருந்தால் பிரைமர் அடிக்காதீர்கள், பின்னால் கொப்புளம் வரும்.

ஏர்பிரஷ் இல்ல. ஸ்ப்ரே கேன்லயே முடிக்கலாமா?

முடிக்கலாம். 25 செ.மீ. தள்ளிப் பிடித்து, மெல்லிய படலங்களாக, ஒவ்வொன்றுக்கும் பத்து நிமிடம் விட்டு அடியுங்கள். முதுகுக்கும் பக்கத்துக்கும் நடுவில் மங்கலான எல்லை வேண்டுமென்றால், அட்டையை லூரிலிருந்து ஒரு விரல் உயரத்தில் பிடித்து அடிக்கலாம். ஏர்பிரஷ் வாங்குபவர்களுக்கு 0.3 மி.மீ. முனையும் 20 முதல் 25 பிஎஸ்ஐ காற்றழுத்தமும் பொதுவாகச் சரிப்படும். அக்ரிலிக்கை ஒவ்வொரு நிறத்துக்குப் பிறகும் ஹேர் டிரையரால் சூடுகாட்டுங்கள். வரிசை எப்போதும் வெளிறியதிலிருந்து அடர்த்திக்கு: வெள்ளை, வெள்ளி, செதில், முதுகு, செவுள் சிவப்பு, கடைசியில் கண்.

செதில் எப்படி வருது? கையால வரையணுமா?

அறுகோணக் கண் உள்ள பழைய கொசுவலையை லூர் மேல் இறுக்கிச் சுற்றி, வயிற்றுப் பக்கம் துணிக்கிளிப்பால் பிடித்து, அதன் மேல் அடியுங்கள். வலை தொய்வாக நின்றால் செதில் மங்கிவிடும். பெயின்ட் தொட்டால் ஒட்டாத பதத்துக்கு வந்ததும் வலையை நேராக மேலே தூக்குங்கள்; இழுத்தால் இழுபடும்.

உலோகப் பளபளப்பு வேண்டுமென்றால் ஏசி குழாய்களுக்கு ஒட்டும் அலுமினிய நாடா. பின்தாளோடு தட்டையான அரத்தின் மேல் வைத்து, ஸ்பூனின் முதுகால் தேய்த்தால் செதில் அச்சு விழும். பக்கவாட்டு வடிவத்துக்கு வெட்டி இரு பக்கமும் ஒட்டுங்கள். வயிற்றிலும் முதுகிலும் ஓரங்கள் சுருங்கும். அந்த இடங்களைப் பெயின்ட் மூடிவிடும். இந்தப் பளபளப்பு வித்தை பழையது. பின்லாந்தில் லாவ்ரி ரபாலா 1936-இல் தக்கையில் செதுக்கிய லூருக்குச் சாக்லேட் சுற்றும் தாளைத்தான் மேல்தோலாக வைத்தார்.

கண்ணுக்கு வழவழப்பான ஸ்டிக்கர் பொட்டு நல்ல வழி. வெல்வெட் பொட்டு வேண்டாம். அதன் இழைகளில் இருக்கும் காற்று எபாக்சியில் குமிழியாகக் கிளம்பும்.

எந்தக் கலருக்கு மீன் அதிகமா கடிக்கும்?

ஆட்டம் சரியாக இருந்தால் கலர் இரண்டாம் பட்சம். கடை வரிசையில் இருக்கும் பல நிறங்கள் மீனைவிட வாங்குகிறவரைப் பிடிக்கத்தான். இருந்தாலும் தண்ணீருக்குத் தகுந்த தேர்வு உண்டு. தெளிந்த கழிமுகத்தில் மடவையைப் போல: முதுகு சாம்பல் பச்சை, பக்கம் வெள்ளி, வயிறு வெள்ளை. மழைக்குப் பின் கலங்கிய நீரில் மஞ்சள் பச்சை முதுகும் ஆரஞ்சு வயிறும் தெரியும். அந்தி, இரவுக்குக் கறுப்பு. கீழிருந்து பார்க்கும் மீனுக்கு உருவம் எடுப்பாகத் தெரிவது அதில்தான்.

எபாக்சி ரெண்டு நாளாகியும் பிசுபிசுன்னு ஒட்டுது. சில தடவை வெள்ளையா பூத்துப்போகுது.

முழுக்கவே பிசுபிசுத்தால் கலவை அளவு தப்பு. லேபிளில் 1:1 என்றிருப்பது கன அளவிலா எடையிலா என்று பாருங்கள். இரண்டு திரவத்தின் அடர்த்தியும் ஒன்றல்ல. கன அளவென்றால் ஊசியில்லாத இரண்டு சிரிஞ்சுகளில் எடுத்து, ஓரத்தையும் அடியையும் வழித்து இரண்டு நிமிடம் முழுசாகக் கலக்குங்கள். இளக்கத் தினர் ஊற்றாதீர்கள். பாட்டிலை வெந்நீரில் சற்று வைத்தாலே இளகும்.

மேலே மட்டும் மெழுகுபோல் வெள்ளையாகப் பூத்தால் காற்றின் ஈரம்தான் காரணம். ஐப்பசி, கார்த்திகை மழையில் கடலோர ஊர்களில் இது சகஜம். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் கழுவித் துடைத்து, 400 உப்புத்தாளால் மந்தமாக்கி இன்னொரு பூச்சு போடலாம். மழை நாளில் மூடிய அட்டைப்பெட்டியில், நன்றாகத் தள்ளி ஒரு சாதா குண்டு பல்பை எரியவிட்டுக் காயவைப்பவர்கள் உண்டு. அட்டை சூடாகாமல் பார்க்க ஆள் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எபாக்சி ஒரு பக்கம் வழிந்து தொங்காமல் இருக்க லூரைச் சுழற்றிக்கொண்டே இருக்க வேண்டும். மைக்ரோவேவ் தட்டைச் சுற்றும் மோட்டார் நிமிடத்துக்கு 5, 6 சுற்று; அந்த வேகம் அளவெடுத்ததுபோலப் பொருந்தும். வீட்டு மின்சாரத்தில் நேராக ஓடுவது என்பதால் இணைப்பை எலக்ட்ரீஷியனிடம் கொடுத்து மூடிப் போடுங்கள். 30 நிமிட எபாக்சிக்கு நான்கைந்து மணி நேரம் சுழன்றால் போதும்.

மேல்பூச்சுல குழி குழியா விழுது. மார்க்கர்ல போட்ட புள்ளியும் கரைஞ்சுபோச்சு.

குழிக்குக் காரணம் எண்ணெய்ப் பசை: விரல் ரேகை, பக்கத்தில் அடித்த சிலிக்கான் ஸ்ப்ரே, தலைக்கு எண்ணெய் தடவிய கை. பெயின்ட் அடித்த லூரை வளையத்தில் மட்டும் பிடியுங்கள். பெர்மனன்ட் மார்க்கரின் மை எபாக்சியிலும் லாக்கரிலும் கசியும். அதன் மேல் தண்ணீரில் கரையும் தெளிந்த வார்னிஷை மெல்லியதாகப் பூசிக் காயவைத்து, பிறகு எபாக்சி போட்டால் கசிவு நிற்கும். புள்ளி வைக்க டிரில் பிட்டின் தட்டை முனையைப் பெயின்டில் தொட்டு ஒற்றுவது இன்னும் சுத்தம்.

எபாக்சிக்குப் பதிலா பிங்பாங் பந்தை அசிட்டோன்ல கரைச்சு முக்கலாம்னு சொல்றாங்களே?

செல்லுலாய்டு பந்தாக இருந்தால் உண்மை; கெட்டியான, தெளிந்த லாக்கர் கிடைக்கும். ஆனால் 2014-க்குப் பிறகு போட்டிகளுக்கு வேறு பிளாஸ்டிக் பந்துகள் வந்துவிட்டன. அவற்றைக் கரைத்தால் கலங்கலான கோந்துதான் மிஞ்சும். பழைய செல்லுலாய்டு குபீரென்று பற்றும், அசிட்டோன் ஆவியும் அப்படியே. அதே வேலையை மர வேலைக்கு விற்கும் என்சி (நைட்ரோசெல்லுலோஸ்) கிளியர் லாக்கர் செய்யும்: மணிக்கு ஒரு தடவையாக எட்டு முதல் பத்து முக்கல். இதுவும் தீப்பற்றுவதுதான், சமையலறையில் வேண்டாம். இரண்டு பாக கார் கிளியர் (காருக்கு அடிக்கும் தெளிந்த மேல்பூச்சு) போடுபவர்கள் வெறும் துணி முகமூடியை நம்ப வேண்டாம். அதன் ஹார்டனர் நுரையீரலைப் பாதிக்கும், ஆவி வடிகட்டும் முகமூடி தேவை.

வாளியில நடுத்தண்ணியில அசையாம நின்ன லூர், கடல்ல மேல வந்துடுது. ஏன்?

கடல்நீர் 2.5 சதவீதம் அடர்த்தி கூடியது. மேலே சொன்ன 11 கன சென்டிமீட்டர் உடலுக்கு 0.3 கிராம் தூக்கல் அதிகம் கிடைக்கிறது. நடுநீரில் நிற்கும்படி இழைத்த லூருக்கு அது பெரிய வித்தியாசம். கடலுக்கென்றே செய்தால் ஒரு லிட்டர் தண்ணீருக்கு 35 கிராம் கல்லுப்புக் கரைத்து அதில் சோதியுங்கள். கழிமுகத்தில் மழைக்காலத்துக்கும் கோடைக்கும் உப்பு மாறும். வயிற்று முள்ளில் மெல்லிய ஈயக்கம்பியைச் சுற்றிச் சரிக்கட்டிக்கொள்வதே நடைமுறை.

இதே லூரை விராலுக்குப் போடலாமா?

திறந்த தண்ணீரில் போடலாம். ஆனால் விரால் கிடப்பது தாமரை, ஆகாயத்தாமரை, கோரை நடுவில். அங்கே ட்ரெபிள் முள் முதல் வீச்சிலேயே சிக்கும். விராலுக்கு 4, 5 செ.மீ. நீளக் குண்டு உடல், லிப் கிடையாது, பின்னால் இரட்டை முள். முள் முனைகள் மேல்நோக்கி, முதுகை ஒட்டிப் படிந்திருக்க வேண்டும். எடை பின்பக்கம் இருந்தால் மூக்கு மேலே நின்று இலை மேல் ஏறி வரும். இங்கே கனமான குமிழும் சரிதான். அந்த வாயில் வண்ணம் சீக்கிரம் போகும். கறுப்பு அல்லது பச்சை ஒரே நிறமாக அடித்து, எபாக்சி இரண்டு பூச்சு கொடுங்கள்.

நல்லா காஞ்ச லூர், பெட்டியில வச்சு எடுத்தா பெயின்ட் கூழாயிடுச்சு. வாரன்டி இல்லாத பொருளாச்சே, என்ன பண்றது?

கூட ரப்பர் புழு, ரப்பர் மீன் ஏதாவது வைத்திருந்தீர்களா? மென்மையான பிளாஸ்டிக்கில் இருக்கும் எண்ணெய்ப் பொருள் கசிந்து பெயின்டையும் லாக்கரையும் இளக்கிவிடும். சில பெட்டிகளையே உருக்கும். தனித்தனியாக வையுங்கள். கூழான இடத்தைச் சுரண்டி, 240-இல் தேய்த்து, பிரைமரிலிருந்து மறுபடி தொடங்க வேண்டும்.

பல் பட்டு விரிசல் விட்ட லூருக்கு அவசரப்பட்டு எபாக்சி தடவாதீர்கள். உள்ளே போன தண்ணீர் அடைபட்டுப்போகும். முள்ளைக் கழற்றி, நிழலில் ஒரு வாரம் தொங்கவிட்டு எடை பாருங்கள். புதிதாக இருந்தபோது குறித்து வைத்த எடைக்கு இறங்கிய பிறகு, விரிசலில் இளகிய சூப்பர் குளூ ஒரு சொட்டு விட்டு, காய்ந்ததும் மேலே எபாக்சி தொடுங்கள்.